குளத்துக்குப் போன வீடு

செவ்வூர் மெயின் ரோட்டில் உரக்கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் 'சொர்க்கபூமி ரியல் எஸ்டேட்' என்று ஒரு போர்டு தொங்கும். நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே போயிருக்க மாட்டீர்கள். பல்வலிக்காரர்கள் இரண்டு பேர் வாசல் மாறி நுழைந்ததைத் தவிர அந்தக் கடைக்கு ஆள் என்று ஒருவர் வந்து பதினோரு மாதம் ஆகிறது. அந்த இரண்டு பேரையும்கூட நம் ஆட்கள் சும்மா விடவில்லை. தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு மனை காட்டித்தான் அனுப்பினார்கள்.

நம் ஆட்கள் என்றால் நாலு பேர். முதலாளி ஆவுடையப்பன் தங்கமான மனுஷன். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். செல்போன் சொன்னால் இரண்டு தடவை நம்புவார். உலகநாதன் கண்ணாடி போட்டிருப்பதால் ஆப், மேப் விவகாரமெல்லாம் அவர் பொறுப்பு. போட்டோ எடுப்பது பேச்சிமுத்து. சுடலைமுத்துவுக்கு என்ன வேலை என்று இதுவரை யாருக்கும் தெரியாது. காலையில் வந்ததும் ஏழெட்டுத் தும்மல் போடுவார், பிறகு சும்மா இருப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வைகாசி மாதத்தில் ஆவுடையப்பனின் மனைவி கோமதி ஒரு முடிவுக்கு வந்தாள்.

"இங்கேருங்க, இந்த மாசக் கடைசி புதன்கெழமைக்குள்ள ஒரு வீடாவது வித்துக் காட்டுங்க. இல்லன்னா போர்டைக் கழட்டிட்டு எந்தம்பி கடையில போய் ஆணி நிறுத்துப் போடுங்க. அவ்வளவுதான்."

மச்சினன் இரும்புக்கடை வைத்திருந்தான். ஆணி நிறுப்பது பாவமான தொழில் ஒன்றும் இல்லை. ஆனால் மச்சினன் "வாங்க அத்தான்" என்று சொல்லும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குக் கீழே உட்கார்ந்து காலம் தள்ளுவதை நினைத்தாலே ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நவநீதம் டீச்சர் தன் வீட்டை விற்கச் சொல்லி சாவியைக் கொடுத்தார். மகள் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போகிறார், இனி அங்கேயேதான் இருக்கப் போகிறார். எட்டாம் வகுப்பில் இந்த நாலு பேருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அந்தக் குற்ற உணர்ச்சியில் கொடுத்தாரோ என்னவோ, கொடுத்துவிட்டார். போய்ச் சேர்ந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். நாலு பேரும் மேஜையைச் சுற்றி எழுந்து நின்று கேட்டார்கள்.

"லே ஆவுடை, நல்லாக் கேட்டுக்கோ. வீட்டை அந்த வீடு விக்கிற ஆப்ல போடு. முழு வீடும் தெரியுத மாதிரி போட்டோ எடு. லொகேஷன் போடு. வாரவங்க ஏமாறக் கூடாது, பாத்துக்கோ. போட்டோல என்ன இருக்கோ அது அப்படியே வீட்டுல இருக்கணும். லொகேஷன் எங்கன காட்டுதோ வீடு அங்கன இருக்கணும். புதன்கெழமைக்குள்ள முடியலன்னா டவுன்ல உள்ள கம்பெனிக்காரங்ககிட்ட குடுத்துருவேன். நான் சொல்லுததை மட்டும் செய்யி. ஒன் மூளையை மட்டும் உபயோகிச்சிராத."

ஆவுடையப்பன் இதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். கடைசி வரி அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"கேட்டீயளாவே? டீச்சர் சொன்ன சொல்லுல ஒண்ணு கொறையக் கூடாது," என்றார்.

மறுநாள் காலையில் டீச்சர் வீட்டு வாசலில் பேச்சிமுத்து போனைத் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணாச்சி, முழு வீடும் வரல. மாடித் தண்ணித் தொட்டி விட்டுப் போவுது."

"பின்னால போவும்," என்றார் ஆவுடையப்பன்.

பேச்சிமுத்து பின்னால் போனார். தெருவைத் தாண்டினார். தண்ணித் தொட்டி பாதி வந்தது. எதிர்வீட்டுப் படியேறி, பின்பக்கமாகவே உள்ளே போனார். அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் மடியில் உட்கார்ந்ததும் முழு வீடும் அழகாக வந்துவிட்டது. பெரியவர் என்ன சொன்னார் என்பதை எழுதுவதற்கில்லை.

போட்டோவை எல்லோரும் பார்த்தார்கள். நீல கேட், அதில் பூட்டு, 'நவநீதம் இல்லம்' என்று பலகை, கறிவேப்பிலைத் தொட்டி எல்லாம் இருந்தன. மதில் மேல் பக்கத்து வீட்டுக் கறுப்பு ஆடு ஒன்று நின்றது. கேட்டுக்கு முன்னால் சுடலைமுத்து கண்ணை மூடி, வாயைத் திறந்து, பாதித் தும்மலில் நின்றார்.

"ஆளும் ஆடும் விழுந்திருக்கே?" என்றார் ஆவுடையப்பன்.

"இருந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி. வீட்டுக்கு ஒரு களை," என்றார் பேச்சிமுத்து.

அந்தத் தெருவில் சிக்னல் எடுக்கவில்லை. நாரைக்குளத்துக்குள் போய் நின்றால் நாலு கோடும் எடுக்கும் என்று உலகநாதன் சொன்னார். கோடையில் குளம் வெட்டவெளியாகக் காய்ந்து கிடந்தது. நடுக்குளத்தில் போய் நின்று படத்தை ஏற்றினார்கள். கடைசியில் ஆப் ஒரு கேள்வி கேட்டது. உலகநாதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார்: 'நீங்கள் இப்போது இருக்கும் இடத்தைப் பயன்படுத்தலாமா?'

"யாருகிட்ட கேக்குது?" என்றார் ஆவுடையப்பன்.

"நம்மகிட்டதான்."

"எதுக்குக் கேக்குது? குளம் நம்ம குளமா? ஊர்ப் பொது."

"ஆனாலும் மரியாதையாக் கேக்குதுல்லா, அண்ணாச்சி. நாம மாட்டோம்னா நல்லா இருக்காது."

"அப்பம் சரின்னு சொல்லும். பயன்படுத்திக்கிடட்டும். நமக்கென்ன நட்டம்?"

உலகநாதன் 'ஆம்' என்பதை அழுத்தினார். மேப்பில், நடுக்குளத்தில், சிவப்பாக ஒரு பொட்டு வந்து உட்கார்ந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாளே தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது. பேசியவர் பெயர் எட்வின். முப்பது வருஷம் கப்பலில் வழி பார்த்துச் சொல்லும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மனைவி ஜெசிந்தாவோடு வருவதாகச் சொன்னார்.

"வழி சொல்லவா சார்? பஸ் ஸ்டாண்டு தாண்டி..." என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

"வழியா? எனக்கா? லொகேஷன்தான் இருக்கே. மேப்பு எங்க நிக்கச் சொல்லுதோ அங்க நிப்பேன். நடுக்கடல்லயே நான் தப்புனது கெடையாது."

ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோரு மாதத்தில் முதல் ஆள். அதுவும் பல்வலி இல்லாத ஆள்.

சனிக்கிழமை காலை உலகநாதன், எதற்கும் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று, மேப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மேப் அவரைக் குளத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தியது. சிவப்புப் பொட்டு காலடியில் இருந்தது. சுற்றிலும் பார்த்தார். உடனே போனைப் போட்டார்.

"அண்ணாச்சி! மோசம் போயிட்டோம். வீட்டைக் காணோம்!"

ஆவுடையப்பன் செருப்புகூடப் போடாமல் ஓடினார். டீச்சர் நம்பி ஒப்படைத்த வீடு. மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள். குளம் முழுக்கத் தேடினார்கள். சுடலைமுத்து கருவேலம் புதருக்குள் தலையை விட்டுப் பார்த்து, இரண்டு தும்மல் போட்டு, இல்லை என்று சொன்னார்.

"எதுக்கும் டீச்சர் வீட்டுப் பக்கமும் ஒரு எட்டு பாத்துருவோமா?" என்றும் அவர்தான் கேட்டார்.

போனார்கள். வீடு அங்கேயே நின்றது. ஆவுடையப்பன் சுவரைத் தடவிக் கொடுத்து, "பயங்காட்டிட்டியே தாயி," என்றார். மூச்சு வாங்கியது நின்றதும்தான் அடுத்த கவலை பிடித்தது. லொகேஷன் காட்டும் இடத்தில் வீடு இருக்க வேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆள் வந்து நிற்கப்போவது குளத்தில்.

வாசலில் நாலு பேரும் குந்தி உட்கார்ந்தார்கள்.

"போன் தப்பாக் காட்டியிருக்கும்," என்றார் சுடலைமுத்து.

மற்ற மூன்று பேரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"வே, போன் சேட்டிலைட்டைக் கேட்டுச் சொல்லுது. அது வானத்துல இருந்து பாக்குது. நீரு தரையில குந்தியிருந்து பாக்கீரு. யாருக்கு நல்லாத் தெரியும்?" என்று கேட்டார் உலகநாதன்.

சுடலைமுத்து யோசித்துப் பார்த்து, சேட்டிலைட்டுக்குத்தான் என்று ஒப்புக்கொண்டார்.

"அப்பம் தப்பு யாரு மேல?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"வீட்டு மேலதான். இது கட்டி நாப்பது வருஷம் இருக்கும். அந்தக் காலத்துல சேட்டிலைட்டு ஏது? கொத்தனாரு குத்துமதிப்பா இங்கன கட்டிப்புட்டாரு. உள்ளபடிக்கு இது குளத்துல இருக்க வேண்டிய வீடு," என்றார் உலகநாதன்.

நாற்பது வருஷம் ஒரு வீடு தப்பான இடத்தில் நின்றிருக்கிறது, ஒரு மனுஷன் கவனிக்கவில்லை. ஆவுடையப்பனுக்கு ஊர்க்காரர்கள்மேல் கோபமாக வந்தது.

பேச்சிமுத்து சுவரில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். மற்றவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். சுவரிலிருந்து ஒரு பல்லி விழுந்தது, அவ்வளவுதான்.

"ஒரே நாள்ல முழுசும் கொண்டு போவ முடியாதுவே," என்றார் ஆவுடையப்பன். "முடிஞ்ச மட்டும் கொண்டு போவோம். போட்டோல உள்ளது மொதல்ல போட்டும்."

ஒரு குட்டி லாரியைப் பிடித்து வந்தார்கள். நீல கேட்டைக் கீலோடு கழற்றினார்கள். பெயர்ப்பலகை, காலிங் பெல், கறிவேப்பிலைத் தொட்டி, வாசல் மிதியடி எல்லாம் ஏறின. போட்டோவில் பூட்டு இருந்ததால் பூட்டும் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரியிடம் ஆட்டை ஒருநாள் இரவல் கேட்டார்கள். எதற்கு என்று கேட்டவளிடம், வீட்டோடு சேர்ந்தது என்று பேச்சிமுத்து விளக்கினார்.

ஞாயிறு காலை பத்தரைக்கு நடுக்குளத்தில் எல்லாம் தயார். இரண்டு கல்தூணில் கேட் நின்றது. மதிலுக்குப் பதில் ஆபீஸ் மேஜை, அதன்மேல் ஆடு. சுடலைமுத்து கேட்டுக்கு முன்னால், கையில் மூக்குப்பொடி மட்டையோடு. பதினோரு மணிக்குச் சரியாகத் தும்மல் வர வேண்டுமே!

எட்வின் கார் குளத்துக்கரையில் வந்து நின்றது. ஜெசிந்தா எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இது குளம்லா?"

"மேப்பு இன்னும் முந்நூறு மீட்டருங்குது. பேசாம வா."

"நான் வரல. நவநீதம் இல்லம் எங்கன்னு டீக்கடையில கேட்டுக்கிடுதேன்," என்று அந்த அம்மாள் இறங்கி நடந்துவிட்டார். கார் குளத்துக்குள் இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, கேட்டுக்கு நாலடி முன்னால் நின்றது. 'நீங்கள் சேரவேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்' என்று அவர் போன் சொன்னது.

எட்வின் இறங்கிக் காலிங் பெல்லை அழுத்தினார். கரண்ட் இல்லாததால் பேச்சிமுத்து கேட்டுக்குப் பின்னால் நின்று "டிங் டாங்" என்றார். ஆவுடையப்பன் பூட்டைத் திறந்து, கேட்டைத் திறந்து, "வாங்க வாங்க," என்று வரவேற்றார். சுற்றிக்கொண்டு வர எல்லாப் பக்கமும் வழி இருந்தும் எட்வின் கேட் வழியாகத்தான் வந்தார். ஒழுங்கான மனுஷர்.

போனில் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"நீல கேட்டு, சரி. பலகை, சரி. கறுப்பு ஆடு, எடது காது மடிஞ்சிருக்கு, சரி. தும்முத ஆளு... வாயி இன்னுங் கொஞ்சம் தொறக்கணுமே?"

சுடலைமுத்து ஒரு சிட்டிகை பொடியை இழுத்தார். வந்த தும்மலில் ஆடு மேஜையிலிருந்து குதித்தது.

"இப்பம் சரி. வீடு?"

ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்தார். "வீடு மட்டும் இன்னும் வந்து சேரல சார்."

எட்வின் கோபப்படவில்லை. "கப்பல்லயும் அப்படித்தான். எல்லாச் சரக்கும் ஒண்ணா வராது. இப்பம் எங்க இருக்கு?"

"பழைய எடத்துலயே நிக்குது சார். வாங்க, காட்டுதோம்."

கூட்டிக்கொண்டு போனார்கள். டீச்சர் வீட்டுக்கு முன்னால் எட்வின் நின்றார். போட்டோவைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"இது என்னது? கேட்டு இல்ல. பலகை இல்ல. ஆடு இல்ல. லொகேஷனும் வேற. வேற எவனோட வீட்டையோ காட்டி யாரை ஏமாத்தப் பாக்குதீய? நான் பாக்க வந்தது குளத்துல இருக்குத வீட்டை!"

ஆவுடையப்பனுக்கு மச்சினன் கடைத் தராசும், தட்டு நிறைய ஆணியும், அந்தச் சிரிப்பும் கண்முன்னே வந்தன. எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

அப்போது அடுப்பங்கரை ஜன்னலில் ஜெசிந்தாவின் முகம் தெரிந்தது. டீக்கடையில் கேட்டு அவர் எப்போதோ வந்துவிட்டார். கேட்டும் பூட்டும் குளத்தில் இருந்தன; காலிங் பெல்லைக் கழற்றிய அவசரத்தில் வீட்டுக் கதவையும் யாரும் பூட்டவில்லை. நிதானமாக வீடு முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

"என்னங்க, வெளிய நின்னு என்ன சத்தம்? அடுப்பங்கரை நல்ல வெளிச்சமா இருக்கு. கெணத்துத் தண்ணி கல்கண்டாட்டம் இனிக்கி. எனக்கு இந்த வீடுதான் வேணும்."

கடலில் வழி சொன்னது எட்வின் என்றாலும் கரையில் வழி சொல்வது ஜெசிந்தாதான். எட்வின் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி, வாங்கிக்கிடுதோம். ஆனா ஒரு கண்டிசன். சிவப்புப் பொட்டு குளத்துல கெடக்கு. அதை எடுத்துக் கொண்டாந்து இங்க போடணும். புதன்கெழமை வந்து பாப்பேன். பொட்டு இங்க இருந்தாத்தான் கையெழுத்து."

இவ்வளவு தெளிவாக ஒரு வேலையை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் மண்வெட்டி, கடப்பாரை, கூடையோடு நாலு பேரும் குளத்தில் இறங்கினார்கள். உலகநாதன் மேப்பைப் பார்த்து இடம் சொன்னார்.

"இங்கனதான் அண்ணாச்சி. என் காலுக்கு நேர் கீழ."

முழங்கால் ஆழம் தோண்டினார்கள், பொட்டு இல்லை. இடுப்பு ஆழம் தோண்டினார்கள், ஒரு பழைய செருப்பு வந்தது. அது சிவப்புதான், ஆனால் மேப்பில் உள்ளதைவிடச் சின்னது என்று உலகநாதன் தள்ளிவிட்டார். கழுத்தளவு போயும் ஒன்றையும் காணோம்.

"சாரோட காரு மேல ஏறுனதுல நசுங்கிப்போச்சோ என்னவோ," என்றார் பேச்சிமுத்து.

"மண்ணோட கலந்துருக்கும்," என்றார் சுடலைமுத்து. "மண்ணோட அள்ளிட்டுப் போயிருவோமே?"

பதினோரு மாதத்தில் சுடலைமுத்து சொல்லி எல்லோருக்கும் பிடித்த முதல் யோசனை இது. ஆவுடையப்பன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தோண்டிய மண் அத்தனையையும் லாரியில் ஏற்றி டீச்சர் வீட்டு வாசலில் கொட்டினார்கள். கேட்டையும் பலகையையும் திரும்ப மாட்டினார்கள். ஆட்டைச் சொந்தக்காரியிடம் ஒப்படைத்தார்கள். மண் ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்தது. பொட்டு வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஆவுடையப்பன் போனோடு உச்சியில் ஏறினார். அந்த உயரத்தில் சிக்னல் எடுத்தது. ஆப்பைத் திறந்தார். பொட்டு இன்னும் குளத்திலேயே இருந்தது. பதறிப்போய் அதன்மேல் விரலை வைத்துக் குத்தினார். ஆப் பழையபடி கேட்டது: 'நீங்கள் இப்போது இருக்கும் இடத்தைப் பயன்படுத்தலாமா?'

"வே, மறுபடியும் கேக்குது!"

"தங்கமான ஆப் அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் செய்யுது. சரின்னு சொல்லுங்க," என்றார் உலகநாதன்.

ஆவுடையப்பன் 'ஆம்' என்பதை அழுத்தினார். குளத்திலிருந்த சிவப்புப் பொட்டு மறைந்தது. டீச்சர் வீட்டின்மேல் வந்து உட்கார்ந்தது.

"வந்துட்டுவே! மண்ணோட வந்துட்டு!" என்று ஆவுடையப்பன் குவியலின்மேல் குதித்தார். மண் சரிந்து முழங்கால் வரை புதைந்தார். அவருக்கு அது தெரியவே இல்லை.

புதன்கிழமை எட்வின் வந்தார், மேப்பைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஜெசிந்தா முதல் வேலையாக வாசலில் ஏன் மலை நிற்கிறது என்று கேட்டார். கோமதி புருஷனுக்குப் பால் பாயசம் வைத்தாள். மச்சினன் ஆணி நிறுக்க வேறு ஆள் பார்த்துக்கொண்டான். டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"லே ஆவுடை, நெசமாவே முடிச்சிட்டியா? எப்படிலே?"

"நீங்க சொன்ன மாதிரிதான் டீச்சர்," என்றார் ஆவுடையப்பன். "மூளையை உபயோகிக்கவே இல்ல."

அன்று சாயங்காலம் நாலு பேரும் அந்த மண்ணை அள்ளிக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து திடீரென்று மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"அண்ணாச்சி, பெரிய தப்புப் பண்ணிட்டோம். குளத்துல இருந்த பொட்டைத் தோண்டி எடுத்துட்டோம். இனி குளம் எங்கன இருக்குன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்? மழை வந்தா தண்ணி எங்கன போய் நிக்கும்?"

ஆவுடையப்பனும் மண்வெட்டியைக் கீழே போட்டார். ஊர்ப் பொதுச்சொத்து. தங்களால் ஒரு குளம் தொலைந்துபோயிற்று என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

"சுடலை, ஓடும்வே. ஒரு கூடை மண்ணையாவது திருப்பிக் கொண்டு போய்க் குளத்துல போட்டுட்டு வாரும்!"

சுடலைமுத்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தும்மியபடியே ஓடினார். தெருமுனை வரை போனவர் நின்றார், யோசித்தார், திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, அந்தக் குளத்துக்கு எப்படிப் போவணும்?"

உலகநாதன் மேப்பை எடுத்துப் பார்த்தார். குளத்தில் பொட்டு இல்லை. நாலு பேரும் மண் குவியலின்மேல் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார்கள்.